முப்பத்தைந்து வாட், பதினைந்து வாட்

கடையைப் பிரித்தோம்.
கேமரா எனக்கு. விளக்கும் ட்ரைபாடும் சேவுகனுக்கு.
வெள்ளைக் குடை ஒன்று கிழிந்து கிடந்தது,
அதை யாரும் கேட்கவில்லை.
மிச்சம் இரண்டு லேப்டாப்.

யாருக்கு எது என்பதில் தகராறு இல்லை.
பழையது நான் வாங்கியது,
புதியது அவன் ரிச்சி தெருவுக்குப் போய்
பதினெட்டாயிரம் கொடுத்துத் தூக்கி வந்தது.
ஏமாந்துவிட்டாய் என்றேன் அன்றைக்கு.
நாலு வருஷமாகியும்
அந்த ஒரு வார்த்தைதான் பிரிக்கப்படாமல் இருந்தது.

இரண்டுமே ஐ-ஃபைவ்.
என்னுடையது மூன்றாம் தலைமுறை, அவனுடையது ஐந்தாவது.
நான்காம் தலைமுறை எங்கள் பக்கம் வரவே இல்லை.
உள்ளே இரண்டுக்கும் இரண்டே கோர்.
என்னுடையது இரண்டு புள்ளி ஆறு,
முப்பத்தைந்து வாட் தின்னும்.
அவனுடையது இரண்டு புள்ளி இரண்டு,
பதினைந்திலேயே பசியாறிவிடும்.
"தலைமுறையைப் பாரு" என்பான் அவன்.
"நம்பரைப் பாரு" என்பேன் நான்.

ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

காரைக்குடி, மே மாதம், மதியம் இரண்டரை.
ஆத்தங்குடிக் கல் பதித்த வாடகை அறை,
மேலே சுற்றுவதாகப் பேர் பண்ணும் ஃபேன்.
எடுத்துக்கொண்டது ஒரே துண்டு:
கானாடுகாத்தான் கல்யாணத்தில்
இசைகுடிமானம் எழுதும் எட்டு நிமிஷம்.
பணம் இன்னும் வராத கல்யாணம்.
இரண்டு திரையிலும் இரண்டு வீட்டுப் பெரியவர்கள்
குனிந்து குனிந்து கையெழுத்துப் போட்டார்கள்.
நாங்கள் கூட்டுச் சேர்ந்தபோது
ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன்.
என்னுடையதைத் தரையில் வைத்தேன், வெறும் கல்லின் மேல்.
அவனுடையதை மெத்தையில் வைத்தேன்,
அடியில் இருக்கும் காற்றுத் துளைகளைப்
பஞ்சு அடைக்கும் என்று தெரிந்தே.

பதினாலு நிமிஷம், பதினொரு விநாடி. என்னுடையது.
அவனுடையது பதினேழு நாற்பது.
"பாத்தியா" என்றேன்.
குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சேவுகன் பதில் சொல்லவில்லை.
குனிந்து கல்லைத் தொட்டான்,
மெத்தையைத் தொட்டான்,
இரண்டையும் இடம் மாற்றி வைத்தான்.
டீ சொல்லப் போகிறவன் மாதிரி
வாசல் வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மெத்தை மேல் என்னுடையது
முதலில் பாய்ந்துதான் ஓடியது.
ஃபேன் சத்தம் பஸ் ஸ்டாண்டு அளவுக்குப் போனது.
தொண்ணூற்றேழு டிகிரி.
பிறகு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது,
மேட்டில் செட்டியார் கார் இறங்கித் தள்ளச் சொல்வது போல.
பதினாறு நிமிஷம் இரண்டு விநாடி.
அவனுடையது சத்தமே இல்லை,
பதினைந்து இருபதில் முடித்துவிட்டு
கர்சரைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கல்லோடு கல் வைத்தால்
என்னுடையதுதான் முந்துகிறது, அறுபத்தொன்பது விநாடி.
கணக்குப் போட்டு அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
கரண்ட் போனது.
பேட்டரி செத்த என்னுடையது அந்த நொடியே அணைந்தது.
அவனுடைய திரை வெளிச்சத்தில்
அவன் வயர் சுருட்டினான்,
எனக்கு அதே வெளிச்சத்தில்
என் செருப்பு கிடைத்தது.

"நீ சொன்னதும் சரிதான்" என்றான் போகும்போது.
அந்த "உம்"மை அவன் விட்டிருக்கலாம்.

இப்போது தனி அறை, சிமெண்டுத் தரை.
ஆத்தங்குடிக்கு ஒரு வேலையாகப் போனபோது
மூலை உடைந்த கல் ஒன்று கேட்டு வாங்கினேன்,
பச்சையில் மஞ்சள் பூ போட்டது.
லேப்டாப் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.
அந்தக் கல்யாணத்துக்குப் பணம் வரவில்லை,
அந்த எட்டு நிமிஷத்தை நானும் அழிக்கவில்லை.
சில ராத்திரி சும்மா ஓட்டிப் பார்க்கிறேன்.
பதினாலு பத்து. பதினாலு பன்னிரண்டு.
எதைவிட என்று
எழுதத்தான் பக்கத்தில் கட்டம் காலியாக இருக்கிறது.